பழைய ஃபிகோ வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி.யை நீட்டச் சொல்லுங்கள்

செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். நாள் முழுக்க எழுதுவது படிவம் 29, படிவம் 30, அதாவது வண்டி கை மாறும்போது கொடுக்கும் தாள்கள். அதனால் எந்த வண்டி எத்தனை கை மாறுகிறது, எதை வாங்கியவர் சந்தோஷமாக வருகிறார், எதை வாங்கியவர் மூன்றே மாதத்தில் விற்க வருகிறார் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நானே ஓட்டுவதும் அப்படிக் கை மாறி வந்த ஒரு ஃபோர்டு ஃபிகோதான். 2011 மாடல், 1.4 டீசல். ஆர்.சி.யில் மூன்றாவது ஓனர் நான்.

இங்கே நான் சொல்ல வந்தது, பழைய ஃபிகோ வாங்குமுன் ரீகால் வேலை முடிந்ததா என்று பார்ப்பதைப் பற்றி. ரீகால் என்றால், கோளாறான பாகத்துக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துக் காசில்லாமல் சரிசெய்து தருவது. அதற்கு முன் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2010 மார்ச்சில் 3.49 லட்சம் ஆரம்ப விலையில் வந்தது ஃபிகோ. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மறைமலை நகர் ஆலையில் செய்த வண்டி. அந்தக் காலத்தில் இந்த விலைக்கு இப்படி ஒரு ஓட்டம் யாரும் கொடுக்கவில்லை. ஸ்டியரிங் கையில் நிற்கும், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி பக்கத்தில் போனாலும் வண்டி அலையாது. கதவைச் சாத்தினால் கேட்கிற சத்தத்திலேயே தகரம் கனம் என்று புரியும். டீசலில் மைலேஜும் நன்றாக வரும். பெட்ரோல் 1.2 எனக்குப் பிடிக்காது. ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு பேர் ஏறினால் மேம்பாலத்தில் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாடலும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் டீசலை எடுங்கள்.

ஃபிகோ ஓனர்களின் புகார் என்று பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பின் கதவுக் கண்ணாடியைக் கையால்தான் சுற்ற வேண்டும். உச்ச மாடலிலும் அப்படித்தான். அடுத்தது, இண்டிகேட்டர் லீவர் இடது கைப்பக்கம் இருக்கிறது, திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடுகிறது என்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்புறம் ஸ்பேர் விலை, சர்வீஸ் செலவு. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் எதுவும் ஆளைக் கொல்லாது. ஓனர் புகார் சொல்வது கண்ணுக்குத் தெரிவதை, காதுக்குக் கேட்பதை, பையைக் கடிப்பதை. வண்டிக்கு அடியில் வெல்டிங்கில் விழும் விரிசலைப் பற்றி யாரும் புகார் எழுத மாட்டார்கள், ஏனென்றால் அது தெரிவதற்குள் காரியம் நடந்து முடிந்திருக்கும். ரீகால் என்ற ஏற்பாடே அதற்காகத்தான்.

ஃபிகோவின் ரீகால் கதை கொஞ்சம் நீளம். 2012 ஜூலையில் ஃபோர்டு 1,28,655 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஃபிகோவும் ஃபியஸ்டாவும் சேர்த்து. காரணம் இரண்டு பாகங்கள். ஒன்று பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ட்விஸ்ட் பீம் என்ற ஆக்சில். இன்னொன்று பவர் ஸ்டியரிங் ஹோஸ், அதாவது ஸ்டியரிங்குக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய். அடுத்த வருடம் செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பு: 1,66,021 வண்டிகள், ஃபிகோவும் கிளாசிக்கும் (பழைய ஃபியஸ்டாவின் மறுபெயர்), பாகங்கள் அதே இரண்டு. இந்த முறை பிறகு செய்த வண்டிகளும் உள்ளே வந்தன. சரி, முடிந்தது என்று பார்த்தால், 2017ல் அதே ஸ்டியரிங் ஹோஸுக்காக மறுபடியும் 39,315 பழைய வண்டிகளைக் கூப்பிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஐயோ, மூணு தடவை ரீகால் ஆன வண்டியா" என்று ஓடுகிறவர்கள் உண்டு. நான் ஓட மாட்டேன். ரீகால் வராத கார் கம்பெனி இன்றைக்கு எது? 2020 ஜூலையில் மாருதி, வேகன்-ஆரும் பலேனோவும் சேர்த்து 1,34,885 வண்டிகளை ஃப்யூவல் பம்புக்காக அழைத்தது. 2023 ஜூலையில் எஸ்-பிரஸ்ஸோவும் ஈக்கோவும் 87,599, ஸ்டியரிங் டை ராடுக்காக. அதே வருடம் ஜனவரியில் ஏர்பேக் கண்ட்ரோலருக்காக 17,362 வண்டிகள். அதை மாற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள் என்றே சொன்னார்கள். ஹோண்டா 2018 ஜனவரியில் டகாட்டா ஏர்பேக் மாற்ற 22,834 கார்களை அழைத்தது. ஒரு கம்பெனி தானாக முன்வந்து "எங்கள் பாகம் சரியில்லை, கொண்டு வாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறோம்" என்று சொல்வதில் என்ன கேவலம்? என் கவலை வேறு. அந்த வேலை இந்த வண்டிக்கு நடந்ததா?

என் தொழிலில் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன், பழைய வண்டி வாங்குகிறவர்களில் ரீகால் நடந்ததா என்று கேட்பவர் அபூர்வம். கிலோமீட்டர் கேட்பார்கள், இன்சூரன்ஸ் தேதி பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். கம்பெனியின் ரீகால் கடிதமோ போனோ எங்கே போகும்? ஷோரூமில் வண்டி எடுத்தவரின் விலாசத்துக்கு. அவர் வண்டியை விற்று வருடக்கணக்கு ஆகியிருக்கும். நாங்கள் இங்கே படிவம் எழுதி ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றுகிறோமே, அந்த மாற்றம் கம்பெனியின் கணக்குக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார முடியாது. வண்டி கோயம்புத்தூரிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்திருக்கும், கடிதம் கோயம்புத்தூரிலேயே கிடக்கும்.

எனக்கு வண்டி விற்ற புரோக்கர் பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் நன்றாக ஓடுகிற ஆள். ரீகால் முடிந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"சார், ரீகால்லாம் புது வண்டிக்குத்தான். இது ஓடித் தேறின வண்டி. பிரச்சினை வரணும்னா இதுக்குள்ள வந்திருக்கும்."

நல்ல வாய். ஆனால் உலோகம் அப்படி யோசிப்பதில்லை. ரப்பர் ஹோஸ் வயதாக ஆக இறுகும். வெல்டிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைக்கும். ஓடிய வண்டிக்குத்தான் இந்த இரண்டும் ஆபத்து. நான் வண்டி கொண்டுபோன சர்வீஸ் சென்டரிலும் முன்மேசைப் பையன் நம்பரைக்கூடப் போட்டுப் பார்க்காமல் "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும் சார்" என்றான். முடிந்திருந்தால் எந்தத் தேதியில், எந்தக் கிலோமீட்டரில் என்று சிஸ்டத்தில் இருக்குமே தம்பி, எடுத்துக் காட்டு என்றேன். போட்டுப் பார்த்தால் ஆக்சில் பரிசோதனை நடந்திருக்கிறது, ஹோஸ் வேலை திறந்தே கிடக்கிறது. பைசா வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வண்டி இன்றுவரை அந்த விஷயத்தில் என்னைப் படுத்தவில்லை.

அப்படி நம்பர் போட்டுப் பார்ப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. போட வேண்டியது சேசிஸ் நம்பர், அதாவது வண்டியில் பொறித்து ஆர்.சி.யிலும் எழுதியிருக்கும் அடையாள எண். அது மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஃபோர்டு இந்தியாவில் செய்த வண்டி என்றால் எம்.ஏ.ஜே. என்று ஆரம்பிக்கும், மாருதி எம்.ஏ.3, ஹூண்டாய் எம்.ஏ.எல். இந்த 17லும் ஆங்கில எழுத்து ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் சுழியோடும் குழம்பும் என்று உலகம் முழுக்க விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய ஆர்.சி.களில் தட்டச்சு செய்தவர் சுழிக்குப் பதில் ஓ போட்டிருப்பார். அதை அப்படியே கம்பெனி தளத்தில் அடித்தால் "இந்த வண்டி பதிவில் இல்லை" என்று வரும். வாங்குகிறவர் ரீகால் இல்லை போல என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்விடுவார். என் கடையிலேயே இப்படி வந்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் ஓ மாதிரி எது தெரிந்தாலும் சுழி என்றே அடியுங்கள். சந்தேகமாக இருந்தால் வண்டியில் பொறித்திருக்கும் நம்பரைத் துணியால் துடைத்துவிட்டு நேராகப் படியுங்கள். இந்தச் சுழி, ஓ குழப்பம் தவிர வேறு எதிலாவது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ரீகாலை விடுங்கள், அந்த வண்டியையே விடுங்கள்.

இன்னொன்று: ரீகாலுக்குக் கணக்கு தயாரித்த தேதி, பதிவு செய்த தேதி இல்லை. வருடக் கடைசியில் செய்த வண்டியை மறு வருடம் பதிவு செய்வது வழக்கம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும். 2013 ரெஜிஸ்ட்ரேஷன் என்று சொல்லி விற்கும் ஃபிகோ 2012ல் ஆலையை விட்டு வந்ததாக இருக்கலாம்.

சிஸ்டத்தில் என்ன சொன்னாலும் கண்ணாலும் பார்த்துவிடுவது நல்லது. இதற்கு ஒரு டார்ச்சும், வண்டியை ஏற்றி நிறுத்தக் குழியுள்ள ஒரு மெக்கானிக் கடையும் போதும். எனக்குப் பார்த்துக் கொடுத்தவர் வண்டிக்கு அடியில் போனதும் முதலில் ஒரு இரும்பு பிரஷ்ஷை எடுத்து ஆக்சிலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். ட்விஸ்ட் பீம் என்பது குறுக்கே கிடக்கும் மடித்த தகடு. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முறுகிக்கொடுப்பதுதான் அதன் வேலை. அந்தத் தகடு இரண்டு பக்கமும் சக்கரத்தைப் பிடிக்கும் கைகளோடு சேருகிற இடத்தில் வெல்டிங் ஓடும். "இங்க பாருண்ணே, துரு பரவலா இருந்தா பயமில்ல. வெல்டிங் ஓரமா மயிரிழை மாதிரி ஒரு செங்கோடு தனியா ஓடுச்சுன்னா அது விரிசல். உள்ள இருந்து துரு கசியுது." என் வண்டியில் கோடு இல்லை. உங்களுக்குக் குழி கிடைக்கவில்லை என்றால் பின் டயர்களைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உள் ஓரம் தேய்ந்திருந்தால், ஸ்பீடு பிரேக்கரில் வண்டியின் பின்பாகம் லேசாக ஒரு பக்கம் நழுவினால், மேலே பேசாமல் குழிக்குக் கொண்டுபோங்கள்.

ஹோஸைப் பார்ப்பது இன்னும் சுலபம். பானெட்டைத் திறந்து பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் அளவு பாருங்கள். பம்ப்பிலிருந்து கீழே ஸ்டியரிங் ராக்குக்கு இறங்கும் தடித்த குழாயின் இரண்டு முனையிலும் இரும்பு வளையம் அழுத்தியிருக்கும். அந்த வளையத்தைச் சுற்றி ஈரம், அல்லது ஈரத்தில் தூசி ஒட்டிக் கருப்பாகக் கட்டியிருந்தால் கசிவு இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிப் பாருங்கள், ஒரு நொடி போதும், பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அந்தக் குழாயில் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். கசிந்தால் ஸ்டியரிங் கனக்கும், அது சின்னத் தொந்தரவு. சூடான பாகத்தின் மேல் அந்த ஆயில் சொட்டினால் புகை வரும், அதுவும் மோசமானால் தீ. இதற்காகத்தான் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போனால் பாதி விலையில் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். கதவு, கண்ணாடி, ஹெட்லைட், சீட் எல்லாம் அங்கே வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் ஆக்சிலும் ஹோஸும் வேண்டாம். உடைக்க வந்த 2011 வண்டியிலிருந்து கழற்றிய ஹோஸ் எது? ரீகாலில் மாற்றச் சொன்ன அதே ஹோஸாக இருக்கலாம். கம்பெனி காசில்லாமல் தூக்கிப் போடச் சொன்னதை நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்வோம். ஏர்பேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பழசு வாங்கி மாட்டுகிற பொருளே இல்லை அது.

கம்பெனி போய்விட்டதே, இனி யார் பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. 2022ல் மறைமலை நகர் ஆலை நின்றது. சனந்த் ஆலையை டாடா வாங்கியது. ஆலை மூடியபோது எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு தடுமாறியது என்பது வேறு கதை, இங்கே எழுத ஆரம்பித்தால் நிற்காது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று அவர்கள் சொன்னது இன்றுவரை ஓரளவு நடக்கிறது, ஆனால் சர்வீஸ் சென்டர்கள் குறைந்துவிட்டன. சின்ன ஊரில் இருப்பவர்கள் வண்டியை வாங்குமுன் பக்கத்துச் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிடுங்கள். பழைய ரீகால் வேலை திறந்து கிடந்தால் வாங்கின வாரமே முடித்துவிடுவது நல்லது.

சட்டம் உதவுமா என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டில் 2012 வரை ரீகாலுக்கு முறையான ஏற்பாடே இல்லை. அந்த வருடம் ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானாக ஒரு விதிமுறை வைத்துக்கொண்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் அரசே கட்டாய ரீகால் உத்தரவு போடலாம் என்று கொண்டுவந்தார்கள். மீறினால் 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். ஓனர்கள் வாகன் தளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். போதுமான எண்ணிக்கை சேர்ந்தால் விசாரணை நடக்கும். ஆனால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் அது பொருந்தும். பழைய ஃபிகோவுக்கு அந்தக் கதவு அடைத்தாகிவிட்டது. புது வண்டி வைத்திருப்பவர்கள் டீக்கடையில் புலம்புவதற்கு முன் அங்கே போய்ப் பதியுங்கள். பத்து பேர் புலம்புவதைவிட ஒருவர் பதிவது மேல்.

இத்தனை சொன்ன பிறகும் இந்த வண்டியில் எனக்குள்ள பெரிய குறை எந்த ரீகாலிலும் வராதது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்ன கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, போலோ, ஃபிகோ என ஐந்துமே ஏர்பேக் இல்லாத மாடலில் பூஜ்யம் ஸ்டார். ஃபோக்ஸ்வாகன் மட்டும் ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதையே நிறுத்தியது. ஏர்பேக் வைத்த போலோ நாலு ஸ்டார் வாங்கியது. ஃபிகோவில் ஏர்பேக் டைட்டானியம் என்ற உச்ச மாடலில்தான். ஏர்பேக் இல்லாதது தயாரிப்புக் கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்தார்கள், அன்றைய சட்டமும் ஒத்துக்கொண்டது. டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம் ஆனதே 2019 ஜூலையில்தான். ஆகவே ரீகால் சுத்தமாக முடிந்த ஃபிகோவும் பூஜ்யம் ஸ்டாராக இருக்கலாம். டைட்டானியம் கிடைத்தால் இருபது, முப்பதாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். வாங்கும்போது சாவியைத் திருப்பி டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

2015 செப்டம்பருக்குப் பிறகு வந்த புது ஃபிகோ வேறு வண்டி, குஜராத்தின் சனந்தில் செய்தது. அதற்கும் 2016 மே மாதத்தில் ஒரு ரீகால்: ஆஸ்பயர் என்ற செடானோடு சேர்த்து 42,300 வண்டிகள். ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் பெட்டியின் சாஃப்ட்வேரில் கோளாறு, மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். சாஃப்ட்வேர் மாற்றியதை எந்த டார்ச் வெளிச்சத்திலும் பார்க்க முடியாது. அதற்குச் சேசிஸ் நம்பரைப் போட்டு சர்வீஸ் பதிவை எடுப்பதைத் தவிர வழியில்லை. 2016 ஏப்ரல் வரை செய்த வண்டி என்றால் அந்தத் தாள் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, என் தொழில் சம்பந்தப்பட்டது. பதிவாகி 15 வருடம் முடிந்தால் படிவம் 25 கொடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600லிருந்து 5,000 ஆகிவிட்டது. அதோடு பசுமை வரி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு முன் செய்யும் டிங்கர், பெயிண்ட் வேலை எல்லாம் சேரும். 2010, 2011 ஃபிகோவை இன்னும் புதுப்பிக்கவில்லை என்றால் அந்தச் செலவு வாங்குகிறவர் தலையில்தான் விழும். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் அதையும் சேர்த்து விலையில் கழித்துப் பேசுங்கள்.